அலைக் கிரீடம்

மாவட்ட மருத்துவ ஆராய்ச்சி நிலையம் மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் இடம். மக்களுக்கோ அது ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர், அவ்வளவுதான். உள்ளே சிலர் தூக்கமின்மை, பயம், வலிப்பு என்று வருடக்கணக்கில் பொறுமையாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பொறுமையை வேடிக்கை பார்க்க எவன் வருவான்?

பிறகு அலை ஐயா வந்தார். வாசலில் நிற்க இடமில்லாமல் போயிற்று.

அலை ஐயா என்பது கூட்டம் வைத்த பெயர். எங்கே படித்தீர்கள் என்று கேட்டவர்களிடம், அலைகளிடம் படித்ததாகச் சொன்னார். எந்த வருடம் தேறினீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாரே, போதாதா?

அவருடைய கண்டுபிடிப்பு அலைக் கிரீடம். பார்க்க ஹெல்மெட் மாதிரி இருக்கும். நெற்றியில் ஒரு நீல விளக்கு, பின்னால் ஒரு நீளமான ஒயர். விளக்கு பேட்டரியில் எரியும், அலை மட்டும் சுவரிலிருந்து மின்சாரமாக வரும் என்று விளக்கினார். நோய் என்றால் மூளை அலை வளைந்திருக்கிறது, கிரீடத்தை மாட்டினால் நேராகிவிடும். மூளை அலை ஒரே நேர்க்கோடாகிவிட்டால் அந்த ஆளைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். படித்தவர்களும் வரிசையில்தான் நின்றார்கள்.

நிலையத்தின் இயக்குநர் அவருக்குப் பெரிய கூடத்தையே ஒதுக்கிக் கொடுத்தார். மக்கள் பங்கேற்பு எங்கே என்று தலைமை அலுவலகம் வருடாவருடம் அவரைக் குடைந்துகொண்டிருந்தது. இப்போது மக்கள் மதிலேறிக் குதித்தல்லவா பங்கேற்கிறார்கள்! வாசலில் ‘ஆய்வு நடைபெறுகிறது’ என்று பலகை மாட்டினார். ஆய்வு என்பது இதுதான்: மாட்டுவதற்கு முன் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள், கழற்றிய பின் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். தேவலை என்றவர்கள் கணக்கில் சேர்ந்தார்கள். தேவலை என்று சொல்லாதவர்கள் மறுபடி கட்டணம் கட்டி, தேவலை ஆகும்வரை வந்தார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. மாத்திரை சாப்பிடக் கூடாது. மாத்திரை அலையை மறிக்குமாம்.

அதே நிலையத்தில் மனிதர்களின் பழக்கவழக்கங்களை ஆராயும் உளவியல் ஆய்வாளர் ஒருத்தி இருந்தாள். கிரீடம் வேலை செய்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்று இயக்குநரிடம் சொன்னாள். உன் அறைக்குக் கூட்டம் வரவில்லை என்கிற வயிற்றெரிச்சல் என்றார் அவர்.

வரிசையில் அவளுடைய அக்காவே நின்றாள், கணவரையும் இழுத்துக்கொண்டு. அத்தான் தச்சர். வலிப்பு உண்டு. மாத்திரை தவறாமல் சாப்பிட்டதால் பல வருடங்களாக அது தலைகாட்டவில்லை. தங்கை எவ்வளவோ சொல்லியும் அக்கா அந்த மாத்திரையை நிறுத்தினாள்.

ஒருநாள் பட்டறையில், ஓடிக்கொண்டிருந்த ரம்பத்தின் மேலேயே அவர் சாய்ந்தார். கூட வேலை செய்தவர் ஓடிவந்து விசையை அணைத்ததால் உயிர் தப்பியது. வலது கையில் முழங்கைவரை தையல்.

மருத்துவமனையில் கட்டிலருகே அக்கா சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

“பழைய மாத்திரை கொஞ்சம் உடம்புல தங்கியிருக்கும்னு ஐயா சொல்றார். அதான் அலை உள்ள போகலையாம்.”

“தப்பு எப்பவாவது கிரீடத்து மேல வருமாக்கா?” என்று கேட்டாள் தங்கை.

பிறகு அவள் நேராகப் போய் இயக்குநரைக் கூட்டிவந்து கட்டிலருகே நிறுத்தினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். சோதனைக்குச் சம்மதித்துவிட்டுப் போனார்.

சோதனை எளியது. ஒயரின் நுனி ஒரு திரைக்குப் பின்னால் போகும். அங்கே இயக்குநர் நாணயத்தைச் சுண்டுவார். தலை விழுந்தால் பிளக்கை மாட்டுவார், பூ விழுந்தால் மாட்டமாட்டார். மாட்டியதா இல்லையா என்பது கிரீடம் அணிபவருக்கும் தெரியாது, கேள்வி கேட்பவருக்கும் தெரியாது. வந்தவர்களிடம் இதையெல்லாம் சொல்லித்தான் உட்காரவைத்தார்கள். நிருபர்கள் வருகிறார்கள் என்றதும் அலை ஐயா புது வெள்ளைக் கோட்டோடு வந்துவிட்டார்.

பிளக் மாட்டியபோது சிலர் சிலிர்த்தார்கள். மாட்டாதபோதும் அதே மாதிரி சிலிர்த்தார்கள். மின்சாரமே இல்லாத கிரீடத்தை அணிந்து ஓர் ஆசிரியை கண்ணீர் விட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் குறட்டையே விட்டார்.

அலை ஐயா அசரவில்லை. அலை கூடம் முழுக்கத் தேங்கி நிற்கிறது, அதுதான் எல்லோருக்கும் வருகிறது என்றார்.

ஆய்வாளர் பணிவாகத் தலையாட்டினாள். கூடத்தின் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துவிடப்பட்டன. தேங்கியது போய்விட்டதா என்று அவரிடமே கேட்டாள். கண்ணை மூடி, கையை நீட்டிப் பார்த்து, சுத்தமாகப் போய்விட்டது என்றார்.

“அப்ப நீங்களே மாட்டிப் பாருங்க. அலை வருதா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாம இருக்குமா?”

இத்தனை கண்களுக்கு முன்னால் எப்படி மறுப்பது? மாட்டினார். உடம்பு குலுங்கியது.

“வருது. நெத்தியில நுழையுது. இன்னிக்கு ரொம்ப பலமா வருது.”

திரை விலகியது. இயக்குநர் வெளியே வந்தார். அவர் கையில் பிளக் இருந்தது.

சந்தேகப்படுகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் அலை குழம்பும் என்று ஐயா ஆரம்பித்தார். அப்போது கழுத்திலிருந்து தொங்கவிட்ட கைக்கட்டோடு தச்சர் எழுந்து முன்னே வந்தார். அவர் சத்தம் போடவில்லை.

“அதைக் கழட்டிக் குடுங்க. உள்ள என்ன இருக்குன்னு பாக்கறேன்.”

இடது கையாலேயே திருகுகளைக் கழற்றினார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் விளக்குக்கு ஒரு பேட்டரி. சுவரிலிருந்து வந்த அந்த நீள ஒயர் எதனோடும் சேரவில்லை. பிடுங்கிக்கொண்டு வெளியே வராதபடி நுனியில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தது. பிளக்கை மாட்டினாலும் ஒன்றுதான், மாட்டாவிட்டாலும் ஒன்றுதான். மனித மூளையை நேராக்க வந்த மகத்தான கண்டுபிடிப்பு மொத்தமும் அந்த முடிச்சுதான்.

அலை ஐயா பின்வாசலைத் தேடினார். அங்கேயும் அவருடைய பக்தர்கள்தான் நின்றார்கள், இந்தமுறை வேறு முகத்தோடு. போலீஸ் வந்தபிறகுதான் அவருக்கே மூச்சு வந்தது. இயக்குநர் நடந்ததை மறைக்காமல் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். தன் தலை போகும் என்று தெரிந்தே எழுதினார். கூட்டத்தில் ஒருவர் மட்டும், பணம் கட்டியதில் தனக்கு இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கிறதே, அதற்கு என்ன வழி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நம் நாட்டில் நம்பிக்கைக்கு மட்டும் பஞ்சமே வராது.

அக்கா கணவருக்கு மறுபடி மாத்திரை கொடுக்கத் தொடங்கினாள். கொடுப்பதற்கு முன் தங்கையின் அறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

“இது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்? செய்யலைன்னா அது எப்படித் தெரியும்?”

யார் யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், எத்தனை பேருக்குப் பலன் தரவில்லை, என்னென்ன தொந்தரவு வரலாம் என்று தங்கை ஒன்றுவிடாமல் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாள். அக்கா குறுக்கே குறுக்கே கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நீங்களும் கேளுங்கள். கேள்வி கேட்டால் உண்மையான மருந்து கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொள்கிறதா? எழுந்து வீட்டுக்குப் போங்கள்.