அறுபத்து நாலு பேர் வாசிக்கும் பெட்டி

இனிமேல் நாகலெட்சுமியிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று சோலைமலை முடிவெடுத்தான்.

கலியாணம் முடித்த இருபத்திரண்டு வருடத்தில் இந்த முடிவை எத்தனை தடவை எடுத்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் இந்தத் தடவை அவன் கையில் ஆதாரம் இருந்தது. பளபளவென்று நாலு பக்கத்துக்கு ஒரு கலர்க் காகிதம். அட்டன் டவுனில் ரேடியோவும் கெசட்டும் விற்கிற கடைக்காரர் கொடுத்தது. ஜப்பான்காரன் புதிதாக ஒரு கீபோர்ட் விற்கப் போகிறானாம். இன்னும் விற்கவில்லை. விற்கப் போகிறேன் என்று உலகத்துக்கு அறிவித்திருக்கிறான், அவ்வளவுதான். அது சிலோனுக்கு எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. விலையும் போடவில்லை. ஆனால் சோலைமலை பஸ் ஏறி அக்கரப்பத்தனைக்கு வந்து சேருவதற்குள், அந்தக் காகிதத்துக்காக வீட்டுப் பசுமாட்டை மனசுக்குள் விற்று முடித்திருந்தான்.

சோலைமலைக்குத் தோட்டத்து ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் தேயிலை அரைக்கிற பேக்டரி. அது வயிற்றுக்கு. மற்ற நேரத்தில் அவன் 'பனித்துளி இசைக்குழு'வின் தலைவன். குழுவில் அவனோடு சேர்த்து நாலு பேர். அவனிடம் இருந்த பழைய கீபோர்ட்டில் மூன்று கட்டைகளை அமுக்கினால் எழும்பாது. இன்னொன்று அமுக்காமலே பாடும். போன திருவிழாவில் பூசாரி கர்ப்பூரம் காட்டுகிற நேரத்தில் அது தானாக டிஸ்கோ போட்டது. பூசாரி இன்னும் அவனோடு பேசுவதில்லை.

மாடு நாகலெட்சுமியுடையது. பெயர் சரசு. அவள் தாய் வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த பசுவின் பேத்தி. சரசுவின் மேல் அவள் வைத்திருக்கிற பாசத்தில் கால்வாசியைப் புருஷன் மேல் வைத்திருந்தால் இப்படி மெலிந்திருக்க மாட்டேன் என்பது சோலைமலையின் எண்ணம்.

திட்டம் சின்னதுதான். கினிகத்தேனையில் சின்னராசா என்று மாடு வாங்கி விற்கிறவர் இருக்கிறார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லொறியோடு வரச் சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்தில் நாகலெட்சுமி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். பின்னேரம் வந்து பார்ப்பாள். கத்துவாள். கத்தும்போது பக்கத்தில் நாலு ஆள் நின்று, 'நல்ல காரியம்தானே தங்கச்சி' என்று சொன்னால் கத்தல் பாதியாகிவிடும். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமையே குழுவை வீட்டுக்குக் கூப்பிட்டான். வரும்போதே வழியில் மறித்து, மாட்டு விஷயத்தையும் காதில் போட்டு, பாடம் சொல்லிக் கொடுத்தான்.

"காகிதத்தப் பாத்ததும் எல்லாரும் 'ஆகா'ன்னு சொல்லணும். வேற ஒண்ணும் சொல்லப்படாது."

"அவ்வளவுதானா? சொல்லிட்டாப் போச்சு" என்றார் டிரம்ஸ் அடிக்கிற பொன்னையா.

லயத்து வீட்டு இஸ்தோப்பில், அந்த ஒடுங்கின முன்வாசலில், மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நாகலெட்சுமி ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். சோலைமலை தொண்டையைச் செருமிக்கொண்டு காகிதத்தை விரித்தான்.

"ஆகா" என்றார் பொன்னையா.

"ஆகா" என்றார் புல்லாங்குழல் முத்துலிங்கம்.

"ஆகா" என்றான் பாட்டுக்காரன் விஜிதரன், வாயில் ரொட்டியோடு.

நாகலெட்சுமி எட்டிப் பார்த்தாள். "என்னாங்க இது, இத்தன பல்லு?"

"பல்லு இல்ல புள்ள, கட்ட. மொத்தம் எழுபத்தாறு கட்ட."

"எழுபத்தாறு கட்டையா? அடுப்புக்கு ஒரு கட்ட வெறகு கொண்டாங்கன்னு மூணு நாளாச் சொல்றேன். அதுக்கு ஆளில்ல."

முத்துலிங்கம் சிரித்துவிட்டார். சோலைமலை அவரை முறைத்தான். அந்த நேரம் பார்த்துத்தான் கேதீஸ்வரி டீச்சர் பால் போத்தலோடு படியேறி வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்தவர். சரசுவின் பால் இல்லாமல் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது.

"டீச்சர், நல்ல நேரத்துல வந்தீங்க" என்றாள் நாகலெட்சுமி. "இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன். எங்க வீட்டுக்காரரு பாதி சொல்றாரு, மீதிய முழுங்கிடுறாரு."

சோலைமலை காகிதத்தை மடிக்கப் பார்த்தான். டீச்சர் இங்கிலீஷ் படித்தவர் என்பது அவன் திட்டத்திலேயே இல்லை.

"உதென்ன பேப்பர், தாங்கோ பாப்பம்." டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இது 'வொர்க்ஸ்டேஷன்' எண்டு போட்டுக் கிடக்கு."

"ஸ்டேஷனா? ஸ்டேஷன்னா ஒண்ணு ரயில் நிக்கணும். இல்லாட்டி ஆளப் புடிச்சு உள்ள வைக்கணும். இது எந்த ஸ்டேஷன்?"

"இது பாட்டு ஸ்டேஷன் புள்ள! நீ சும்மா இரேன்!"

டீச்சர் இரண்டாவது பக்கத்துக்குப் போனார். "ஐந்நூறு விதமான சத்தம் இருக்காம். டிரம்ஸ் இருக்கு."

பொன்னையா ரொட்டியைக் கீழே வைத்தார்.

"புல்லாங்குழல் இருக்கு."

முத்துலிங்கம் சிரிப்பதை நிறுத்தினார்.

"ஊத வேணுமாமா, டீச்சர்?" என்று கேட்டார்.

"இல்லையாம். விரலால தொட்டாக் காணுமாம்."

"தொட்டாப் போதுமா? பதினெட்டு வருசமா ஊதி ஊதி என் கன்னம் ரெண்டும் பலூன் மாதிரி ஆகிப்போச்சு. இவன் தொட்டுட்டுப் போவானா?"

"ஆகா சொல்லுங்கண்ணே" என்று சோலைமலை பல்லைக் கடித்தான்.

"ஆகாது!" என்றார் முத்துலிங்கம்.

விஜிதரன் மட்டும் சந்தோஷமாக இருந்தான். "பாடுற சத்தம் இருக்கா டீச்சர்?"

"வாய் திறந்து 'ஆ' எண்டு பாடுறது இருக்கு. வசனம் இல்லையாம்."

"அப்ப நான் தப்பிச்சேன்!"

"நீ பாடுறதுலயும் வசனம் வெளங்கிறதில்லையே தம்பி" என்றாள் நாகலெட்சுமி. விஜிதரனுடைய சந்தோஷமும் போய்விட்டது.

"கைதட்டுற சத்தமும் கிடக்குது" என்றார் டீச்சர்.

"அப்ப சனமும் வேணாமா?" என்று பொன்னையா அலறினார். "டிரம்ஸும் அதுலயே, குழலும் அதுலயே, கைதட்டும் அதுலயே! கச்சேரிய எங்க வைக்கிறது, பொட்டிக்குள்ளயா?"

"கைதட்டு இருக்கிறது நல்லதுதாண்ணே" என்றாள் நாகலெட்சுமி. "நம்ம குழுவுக்கு இதுவரைக்கும் கெடைக்காதது அது ஒண்ணுதான்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இதுதான் பெரிய விசயம். அறுபத்து நாலு பேர் ஒரே நேரத்தில வாசிச்ச மாதிரிச் சத்தம் வருமாம்."

நாகலெட்சுமியின் கை இடுப்புக்குப் போயிற்று.

தோட்டத்தில் பேர் என்றால் ஆள் மட்டும் இல்லை. விடியக்காலை பெரட்டில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் செக்ரோலில், அந்த வருகைப் புத்தகத்தில், ஒரு பேர் விழும். கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர்தான். சம்பளம் அதை வைத்துத்தான்.

"அறுபத்து நாலு பேரா? ஒரே நேரத்துலயா?" என்று கேட்டாள். "நான் விடியக் காலம்பெற பெரட்டுக்குப் போயி, அட்டை கடிக்கக் கடிக்கக் கொழுந்து எடுத்தா எனக்கு ஒரு பேரு. முந்தாநாள் மழை. எடை கொறஞ்சு போச்சுன்னு அரைப் பேரு போட்டாங்க. இந்தப் பொட்டிக்கு மட்டும் அறுபத்து நாலு பேரா? எந்தக் கணக்கப்பிள்ளை இதுக்குச் செக்ரோல் எழுதுறாரு?"

"ஐயோ, அந்தப் பேர் இல்லை. இது ஆக்கள்…" என்று டீச்சர் தொடங்கினார்.

யாரும் கேட்கவில்லை. பொன்னையா எழுந்துவிட்டார்.

"தங்கச்சி கேக்குறது ஞாயந்தானே! அறுபத்து நாலு பேரு வேலைய அதுவே செஞ்சா எங்க மூணு பேருக்கு என்னா வேலை? ஸ்டோருல புது மிசின் வந்தப்ப ஏழு பேர நிப்பாட்டினாங்க. அன்னைக்குக் கொடி புடிச்சது யாரு? இந்தச் சோலமலைதான்! இப்ப மாட்ட வித்து மிசின் வாங்கி எங்களுக்கே பத்துச்சீட்டுக் குடுக்கப் பாக்கிறான்!"

பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு நிறுத்துகிற சீட்டு. ஆனால் நாகலெட்சுமியின் காதில் அந்தச் சொல் விழவில்லை. அதற்கு முந்தின சொல்தான் விழுந்தது.

"எந்த மாட்டண்ணே?" என்று கேட்டாள்.

குரல் மெதுவாக இருந்தது. அவள் கத்தினால் சோலைமலை பழக்கத்தில் தாங்கிக்கொள்வான். மெதுவாகப் பேசினால்தான் அவனுக்குப் பயம்.

"அது வந்து… புள்ள… சின்னராசான்னு ஒருத்தரு… நாளைக்குப் பத்து மணிக்கு… சும்மா பாத்துட்டுப் போறேன்னாரு."

"லொறியோடயா?" என்று பொன்னையா எடுத்துக் கொடுத்தார்.

"லொறியோட… பாத்துட்டு…"

"அப்ப எனக்குப் பால்?" என்றார் டீச்சர்.

பொன்னையா போனார். முத்துலிங்கமும் போனார். தட்டில் மிச்சமிருந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு விஜிதரனும் போனான். பெட்டி ஜப்பானில் இருந்து கப்பல்கூட ஏறவில்லை. பனித்துளி இசைக்குழு அதற்குள் உடைந்துவிட்டது.

சோலைமலை தலையைக் குனிந்துகொண்டு, வரப்போகும் இடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. நாகலெட்சுமி டீச்சருக்குப் பால் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தாள்.

"ஏங்க, இவ்வளவு ஆசையா?"

"ஆசைதான் புள்ள." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கும் நாப்பத்தாறு ஆகுது. நாலு தோட்டத்துல என் பேரச் சொல்லணும்னு நெனக்கிறேன். இந்த ஓட்டப் பொட்டிய வச்சுக்கிட்டு என்னா செய்யிறது?"

"அப்ப பழைய பொட்டி வேணாமா?"

"அதெல்லாம் பொட்டியா? குப்ப! இனிமே அதத் தொடமாட்டேன். யாராச்சும் தூக்கிக்கிட்டுப் போனாக்கூட ஏன்னு கேக்கமாட்டேன்."

"சத்தியமாவா?"

"முருகன் மேல சத்தியம்."

நாகலெட்சுமி தலையாட்டினாள். "சரி. சரசு புது ஆளக் கண்டா ஒதைக்கும். நான் இல்லாம ஒருத்தரும் கயித்தப் புடிக்க முடியாது. நாளைக்கு நான் வேலைக்குப் போகல. அந்த மனுசன் வந்தா என்னா செய்யட்டும்? நீங்களே சொல்லிட்டுப் போங்க."

சோலைமலையால் காதை நம்ப முடியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் 'நீங்களே சொல்லுங்க' என்று அவள் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தப் பூரிப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

"அவரு என்னா கேக்குறாரோ அதக் குடுத்து அனுப்பு. நான் ஒரு பேச்சுப் பேசமாட்டேன்."

மறுநாள் ஸ்டோரில் அவனுக்கு வேலை ஓடவில்லை. வாட்டப் போட்ட கொழுந்தைப் புரட்டுகிற கை தானாக எழுபத்தாறு கட்டையில் வாசித்தது. பத்து மணிக்கு ரோட்டில் லொறிச் சத்தம் கேட்டது. சரசுவை நினைத்து ஒரு நிமிடம் மனசு கஷ்டப்பட்டது. அடுத்த நிமிடம் அதை மறந்துவிட்டான். பகல் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் மேட்டில் ஓட்டமாக ஏறினான்.

மாட்டுக் கொட்டிலில் சரசு நின்றது. அசை போட்டுக்கொண்டு, அவனை யாரோ கடன்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

பக்கத்தில் இன்னொன்று நின்றது. சின்னதாக, செம்பட்டையாக, எலும்பும் தோலுமாக ஒரு கிடாரிக் கன்று.

"ஏ புள்ள!"

நாகலெட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வந்துட்டீங்களா? சோறு போடட்டா?"

"அந்தாளு வரலியா?"

"வந்தாரு. நல்ல மனுசன். தேத்தண்ணி குடிச்சாரு."

"மாட்டக் கேக்கலியா?"

"கேக்கத்தான் வாயெடுத்தாரு. அந்த நேரம் இஸ்தோப்புல உங்க பொட்டி பாடிக்கிட்டு இருந்துச்சு. தூசி தட்டி வெளிய வச்சிருந்தேன். ஒரு பட்டன அமுக்கினா அது பாட்டுக்குப் பாடுமே, அத அமுக்கி விட்டிருந்தேன். அசந்துட்டாரு. அவரு மகளுக்குப் பள்ளிக்கூடத்துல சங்கீதமாம். இந்தப் பொட்டி கெடைக்குமான்னு கேட்டாரு."

சோலைமலை வாசலுக்கு ஓடினான். கீபோர்ட் இருந்த இடத்தில் அதன் துணி மட்டும் மடித்து வைத்திருந்தது.

"குடுத்துட்டியா?"

"அவரு கேக்கிறதக் குடுத்து அனுப்புன்னு நீங்கதானே சொன்னீங்க. அவரு அதத்தான் கேட்டாரு. நான் மறைக்கலங்க. மூணு கட்ட எழும்பாது, ஒண்ணு தானாப் பாடும்னு உள்ளதச் சொன்னேன். யாரு வாசிச்சதுன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு பன்னெண்டு வருசம் வாசிச்சதுன்னேன். அவ்வளவையும் தாங்கியிருக்குன்னா உறுதியான பொட்டிதான்னு சொல்லி, அதுக்குப் பதிலா லொறியில நின்ன கன்னுக்குட்டிய எறக்கி விட்டுட்டாரு. தாயில்லாத கன்னுங்க. பாவம்."

"யாரு எறக்கினது?"

"பொன்னையா அண்ணனும் முத்துலிங்கம் அண்ணனும். எப்படி மூக்கு வேர்த்துச்சோ தெரியல, லொறிச் சத்தம் கேட்டதும் வந்துட்டாங்க."

மாட்டை விற்கப் போய் மாட்டிக்கொண்டவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். 'ஒரு பேச்சுப் பேசமாட்டேன்' என்று சொன்ன வாய் அவனுடையது. முருகன் மேல் சத்தியம் செய்ததும் அதே வாய். கடைசியில் ஈனக் குரலில் கேட்டான்:

"வெள்ளிக்கெழம கோயில்ல கச்சேரி இருக்கே புள்ள. நான் என்னத்த வாசிப்பேன்?"

"அதயும் அண்ணங்ககிட்டக் கேட்டுட்டேன். அவங்க மூணு பேரே போதுமாம். பூசாரியும் சந்தோசம்னு சொல்லிட்டாரு."

கொட்டிலில் கன்று கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தியது. நீளமாக, விடாமல் கத்தியது. எவ்வளவு நொந்துபோனாலும் வாத்தியக்காரனுடைய காது சும்மா இருக்குமா? சோலைமலை தலையைச் சாய்த்துக் கேட்டான். அவனை அறியாமலே விரல் தொடையில் தட்டியது.

"ரெண்டரைக் கட்ட சுருதி" என்று முணுமுணுத்தான்.

"அது சுருதி இல்லீங்க, பசி" என்று நாகலெட்சுமி அரிவாளை நீட்டினாள். "போயி ரெண்டு கட்டுப் புல்லு அறுத்துக்கிட்டு வாங்க."