பத்தில் ஒன்பது வந்தாச்சு

என் அக்காவின் கல்யாணத்தை நான் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டேன். அதுவும் பன்னிரண்டு வரி ஜாவாஸ்கிரிப்டில். (கெட்ட எண்ணம் ஏதுமில்லை. இருந்திருந்தால் இவ்வளவு சுத்தமாகச் செய்ய வந்திருக்காது.)

தொண்ணூறுகளின் கடைசி. தி.நகர் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் ஆறு மாதக் கோர்ஸில் நான்கு மாதம் முடித்திருந்தேன். உலகத்தில் எனக்குத் தெரியாதது இன்னும் இரண்டு மாதப் பாடம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

அப்போதுதான் மாலதி அக்காவுக்கு அந்த வரன் வந்தது. பையன் ஸ்ரீதர், சொந்த வீடு ஆழ்வார்பேட்டை, அமெரிக்காவில் கம்ப்யூட்டர் புரோகிராமர் வேலை. அவர் அம்மாவும் அந்தச் சமயம் அங்கேதான். லீவு இரண்டே வாரம் என்பதால், யாரைப் பார்க்க வருவது என்று அங்கிருந்தே முடிவு செய்வதாகத் திட்டம். நங்கநல்லூர்ப் பெண் ஒருத்தியின் போட்டோ ஏற்கெனவே கூரியரில் கிளம்பியிருந்தது.

எந்த வரனைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்காத மாலதி, இந்த முறை துணி மடித்துக்கொண்டே, "அவர் கண்ணாடி போட்டுப்பாரா?" என்றாள். எங்கள் வீட்டு அளவுகோலில் அது காதல்.

"போட்டோவைக் கூரியர்ல அனுப்பறதெல்லாம் பழைய கதைப்பா. நான் ஒரு வெப் பேஜ் போட்டுடறேன்," என்றேன்.

அப்பா கணக்கு வாத்தியார். "ஜாதகத்தையும் போட்டுடு. கட்டம் தெளிவா விழணும். அவர் அம்மா பாக்கத் தெரிஞ்சவாளாம்," என்றார்.

தெளிவாக விழட்டும் என்று ஜாதகத்தைப் பிரம்மாண்டமாக ஸ்கேன் செய்தேன். அக்காவின் ஒன்பது போட்டோவும் சேர்ந்த கனத்தைவிட அந்த ஒரு ஜாதகத்தின் கனம் அதிகம்.

அந்தக் காலத்தில் டெலிபோன் லைனில் வரும் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். நெற்றி தெரிந்து மூக்கு வருவதற்குள் காபி போட்டுவிடலாம். என் அக்காவைத் தவணை முறையில் காட்டுவதா? பத்து படங்களையும் திரைக்குப் பின்னால் முதலிலேயே வரவழைத்துவிட்டு, பத்தும் வந்த பிறகு பக்கத்தை ஒரேயடியாகத் திறப்பது என்று முடிவு செய்தேன். அதுவரை 'பத்தில் இத்தனை வந்தாச்சு, கொஞ்சம் பொறுங்கோ' என்று ஆங்கில எழுத்தில் ஓர் அறிவிப்பு ஓடும். (ஒன்று வராமல் போனால்? அது கடைசி இரண்டு மாதப் பாடம்.)

படங்களுக்குப் பெயரும் வைத்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று, எனக்கு அடையாளம் தெரிகிற மாதிரி: 'நல்ல மூட்', 'இரவல் புடவை', 'மூக்கு பெரிசு', 'பயங்கரக் கோபம்'.

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துப் பிரௌசிங் சென்டரிலிருந்து எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் ஏற்றினேன். திறந்து பார்த்தேன். பத்தும் ஒரு நொடியில் வந்தன. வீட்டுக்கு வந்து, இந்த வேகத்தை அமெரிக்காக்காரனே பார்த்திருக்க மாட்டான் என்று பீற்றிக்கொண்டேன். பக்கத்தின் முகவரியை மெயிலில் அனுப்பியதற்கு, நம் ஊர் சனிக்கிழமை காலைக்குள் பார்த்துவிட்டு போன் செய்வதாக ஸ்ரீதர் பதில் மெயில் அனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை காலை போன் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போறது," என்றார் அப்பா. மாலதி, தேய்த்துக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி தேய்த்தாள்.

ஞாயிறு காலை சென்டர் திறந்ததும் ஓடினேன். மெயில் இல்லை. பக்கத்தைத் திறந்தேன். ஒன்று, இரண்டு என்று ஏறி, 'பத்தில் ஒன்பது வந்தாச்சு, கொஞ்சம் பொறுங்கோ' என்று நின்றது. பொறுத்தேன். நின்றுகொண்டே இருந்தது.

சென்டர்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், அரை மணியா ஒம்போதுலயே நின்னுகினு கீது?"

"ஜாதகம் வரலை."

"வராத ஒரு ஆளுக்காவ பஸ்ஸை நிறுத்தி வெச்சிகினா, ஏறி குந்திகினு கீற ஒம்போது பேரு இன்னா பாவம் பண்ணான்?"

அப்போதுதான் உறைத்தது. ஏற்றும்போது லைன் அறுந்து ஜாதகம் மட்டும் போய்ச் சேரவேயில்லை. அன்றைக்கு நான் திறந்து பார்த்தது இன்டர்நெட்டில் ஏறியதை அல்ல, என் ஃப்ளாப்பியில் இருந்த பக்கத்தை. வாசலில் தாம்பாளத்தோடு ஒன்பது பேரை நிற்க வைத்து, பத்தாவது ஆள் வரும்வரை கதவைத் திறக்கமாட்டேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். வராததையும் வந்ததாக எண்ணிக்கொள் என்று ஒரு வரி சேர்த்து ஏற்றிவிட்டு, வீட்டில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடி நடந்தேன்.

ஒத்திகை வீண். நான் நுழையும்போது அப்பா போனைக் கையில் வைத்திருந்தார். "ஸ்ரீதர். உன்னைத்தான் கேக்கறார்."

"நீதான் அந்தப் பேஜ் எழுதினியா?" என்றது குரல். "ஒம்பதுலயே நிக்கறதே. தானாச் சரியாப் போயிடும்னு நேத்துலேர்ந்து காத்துண்டிருந்தேன். அம்மா பக்கத்துலயே நாற்காலி போட்டுண்டு உக்காந்துட்டா."

"இப்பதான் சரிபண்ணினேன்," என்றேன்.

"பரவாயில்லை. நீ எழுதின புரோகிராமைத் திறந்து, படங்களோட பேரெல்லாம் படிச்சுட்டேன்."

அவர் புரோகிராமர் என்பது அந்த நொடியில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. நாற்காலி தேடினேன்.

"'மூக்கு பெரிசு'ங்கறதை முதல்ல தனியாத் திறந்து பாத்தேன்," என்றார். "மூக்கு நன்னாத்தான் இருக்கு. நான் கண்ணாடி போட்டுண்டுதான் பாத்தேன். போனை அக்காகிட்ட குடு. 'பயங்கரக் கோபம்' யார் மேலன்னு கேக்கணும்."

மாலதி போனை வாங்கினாள். இரண்டு நிமிடம் "ம்", "ம்" என்றாள். பிறகு, "உங்க மேலதான். நீங்க போட்டோ கேட்டேள்னுதானே இவா என்னை ஸ்டூடியோவுக்கு இழுத்துண்டு போனா," என்றாள். அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு ஹால் முழுக்கக் கேட்டது. அதற்கப்புறம் இருபத்துமூன்று நிமிடம் பேசினார்கள். (அப்பா கடிகாரம் பார்த்தார்.) எனக்குச் சனிக்கிழமையிலிருந்து விட்டுப்போன பசி மொத்தமாக வந்தது, நின்றபடியே ஆறு இட்லி சாப்பிட்டேன்.

கடைசியில் அவர் அம்மா பேசினார். "ஜாதகம் மட்டும்..." என்று அப்பா இழுத்தார்.

"வரும்போது வரட்டும்," என்றார் அந்த அம்மா. "குழந்தைகள் ரெண்டும் இவ்வளவு நேரம் பேசியாச்சு. இனிமே கட்டத்தைப் பாத்து என்ன பண்றது?"

ஜாதகம் போகவேயில்லை. கல்யாணம் நடந்தது. அந்தக் காகிதம் இன்னும் அப்பாவின் பீரோவில் இருக்கிறது. அக்காவோடு சண்டை வந்தால் ஸ்ரீதர் அத்திம்பேர், "பத்தாவது ஃபைல் வரட்டும், யார் பக்கம் தப்புன்னு தெரியும்," என்பார். அதோடு சண்டை முடியும்.

எனக்குத்தான் விமோசனம் இல்லை. குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் நான் உள்ளே தலை வாரிக்கொண்டிருப்பேன். எல்லோரும் வேனில் ஏறி உட்கார்ந்ததும் மாலதியின் குரல் வாசலிலிருந்து வரும்:

"ஒம்பது வந்தாச்சு டிரைவர். நீங்க வண்டியை எடுங்கோ."