வேலி சாரின் வாசலில் ஒரு தகரம்

மயிலாப்பூரில் வேலி சாரைக் கண்டதும் எதிர்ப்பக்க நடைபாதைக்குத் தாவாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. அவருடைய நிஜப்பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுக்க ஒரே ஒரு அமெரிக்க நாடகத்தைத்தான் நடத்தினார் என்பார்கள். அதில் ஒரு குடும்பத்தலைவன், மனைவி கேட்டாளே என்று வீட்டைச் சுற்றி வேலி போட ஆரம்பிப்பான். காட்சிக்குக் காட்சி போட்டுக்கொண்டே இருப்பான். அது வேலியில்லை, குறியீடு என்பார் சார். வெளியே இருப்பதைத் தடுக்கவா, உள்ளே இருப்பவர்களைப் பிடித்து வைக்கவா? இந்தக் கேள்வியைக் காய்கறிக்காரரிடமும் கேட்டிருக்கிறார், கேஸ் போட வந்தவரிடமும் கேட்டிருக்கிறார். சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே அந்த மனிதர் யோசித்ததை நானே பார்த்தேன்.

எங்கள் குடியிருப்பு கேட்டுக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று ஒரு கூட்டம் போட்டோம். சார் பேசி முடித்தபோது செயலாளர் தூங்கியிருந்தார். பெயின்டர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். கேட் இன்னும் துருப்பிடித்துத்தான் நிற்கிறது.

இப்பேர்ப்பட்டவருக்கு பால்கனியில் துணிக்கொடி கட்ட முடியவில்லை. அவர் மனைவி கமலா மாமி வருஷக்கணக்கில் கேட்டுப் பார்த்தார். கொடி என்பது வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே உள்ள எல்லை என்று சார் ஆரம்பித்தால், மாமி ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி பொறுமையாகக் கேட்பார். கடைசியில், "எல்லாம் சரி, ரவிக்கை எங்க காயும்?" என்பார். சார் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

பிறகு கொரோனா வந்தது. மாமிக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸில் மாமியை மட்டும் கொண்டுபோனார்கள், சாரை ஏற்றிக்கொள்ளவில்லை. அவர் வெளியே வரக்கூடாது என்று மாநகராட்சி ஆட்கள் வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். 'வேலி சாருக்கே வேலி' என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு மேதாவி போட, சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு அந்த ஆளை நாலு சாத்து சாத்தவேண்டும் போல் இருந்தது.

மாமி பிழைத்து வருவாரா என்பது ஒன்றுதான் அப்போது கேள்வி. நான் இருப்பது எதிர் பிளாக். ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நர்ஸ் மாமியின் முகத்துக்கு நேரே ஃபோனைப் பிடிக்க, இங்கே சார் பால்கனியில் நின்று பேசுவார். குறியீடு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ரசத்துக்கு எவ்வளவு புளி, மிளகு எந்த டப்பாவில் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் எனக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"கொடி கட்டியாச்சுடி. நீ வந்து பாரு."

கட்டித்தான் இருந்தார். ஒரு பக்கம் தொய்ந்து தொங்கியது.

மாமி வரவில்லை. உடம்பையும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, நேரே மயானத்துக்குப் போய்விட்டது. சார் அதையும் ஃபோனில்தான் பார்த்தார்.

கெடு முடிந்து, தகரத்தை எடுக்க ஒருவர் சுத்தியலோடு வந்தார். சத்தம் கேட்டு நானும் ஓடினேன். சார் உள்ளேயிருந்து தகரத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நவுந்துக்கோ சார். டைம் முடிஞ்சிச்சு, நீ வெளிய வர்லாம்," என்றார் வந்தவர்.

"இருக்கட்டும்ப்பா. இது இருக்கற வரைக்கும், இதுதான் அவளை உள்ள விடலேன்னு நெனச்சுண்டிருப்பேன். எடுத்துட்டா, அவ ஏன் வரலேன்னு எனக்கு நானே என்ன சொல்லிக்கறது?"

வந்தவர் சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாளைக்கு வருவதாக என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, சத்தம் வராமல் படியிறங்கிப் போனார்.

நான் தகரத்துக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். "சார், அந்த நாடகத்தைக் கொஞ்சம் சொல்லுங்களேன்," என்றேன்.

"வேண்டாம்ப்பா," என்றார்.

அவர் மறுபடி வாயைத் திறந்து என்னை அறுக்கமாட்டாரா என்று அன்று சாயங்காலம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.