இருக்கட்டும் ஆசாமியும் இரண்டு மாப்பிள்ளைகளும்

இருக்கட்டும் ஆசாமி என்றோர் இனம் நம் ஊரில் சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் பரம சாது. யாரையும் அதட்டாது, யார் வம்புக்கும் போகாது, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடாது. எதையும் தூக்கிப் போடாது, அது ஒன்றுதான் அதன் கோளாறு. மூடி இல்லாத பேனாவைக் காட்டி, போட்டுவிடலாமா என்று கேளுங்கள். "இருக்கட்டும்." பேனா இல்லாத மூடியைக் காட்டுங்கள். "அதுவும் இருக்கட்டும்." என்றைக்காவது ஒரு நாள் இரண்டும் சேர்ந்துவிடும் என்பது அதன் நம்பிக்கை. அந்த நாள் எப்போது வரும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வீட்டோடு நிற்கிற இருக்கட்டும் ஆசாமியால் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தொல்லை. பரணில் பார்சல் டப்பா, கட்டிலுக்கடியில் செத்துப்போன மிக்ஸி, பீரோவுக்கு மேலே எந்தப் போனுக்கும் சேராத பதினோரு சார்ஜர் என்று ஒருவழியாகக் காலம் ஓடிவிடும். அதே ஆசாமியைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எனக்கு வாய்த்த ஆசாமியின் பெயர் சௌரிராஜன். மதுரைப் பசுமலையில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்கு மேல்மாடியில் ஒன்பது பேர் உட்கார்ந்து மென்பொருள் செய்கிறோம். அவர்தான் சீனியர். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி, ஏழு வருஷமாக. தங்கமான மனுஷன். அவர் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்க்கும்போது மட்டும் எனக்கு அந்தத் தங்கத்தை உருக்கிவிடலாம் போல ஆத்திரம் வரும்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெர்ஷன் கண்ட்ரோல் என்று ஒரு வசதி எங்களிடம் உண்டு. புரோகிராமில் யார், எந்தத் தேதியில், எந்த வரியை, எதற்காக மாற்றினார்கள் என்று ஒன்று விடாமல் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். இன்றைக்கு ஒரு வரியை அழித்துவிட்டு மூன்று வருஷம் கழித்து ஐயோ என்று தலையில் கைவைத்தால், இந்தா என்று அப்படியே எடுத்துக் கொடுக்கும். எதற்கு இந்த ஏற்பாடு? மனுஷன் துணிந்து அழிக்க வேண்டும் என்பதற்குத்தான்.

சௌரிராஜன் அழிப்பாரா? பழைய வரிகளுக்கு முன்னால் ஒரு குறி போட்டு அவற்றை ஓடாமல் மட்டும் செய்துவிடுவார். பக்கத்திலேயே "இதை அழிக்க வேண்டாம், சௌரி, 2014" என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே "மேலே உள்ள குறிப்பையும் அழிக்க வேண்டாம், சௌரி, 2017". ஒரு நாள் பொழுது போகாமல் எண்ணிப் பார்த்தேன். ஒரு ஃபைலில் தொள்ளாயிரத்துச் சொச்சம் வரிகள். அதில் உயிரோடு ஓடுவது இருநூற்றுப் பத்து. அவருடைய ஃபோல்டர்களின் பெயர்களைச் சொல்கிறேன், கேளுங்கள்: பழசு, புதுசு, புதுசுபழசு, பழசிலேயேநல்லது, தொடாதே, தொட்டால்சொல்லவும். இதில் எது நிஜமாக ஓடுகிறது என்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

நானும் கேட்டுப் பார்த்தேன். "ஏண்ணே, அதான் வெர்ஷன் கண்ட்ரோல் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்குல்ல? நீங்க எதுக்கு இம்புட்டையும் சொமக்கிறீங்க?"

"அது ஞாபகம் வச்சிருக்கும்யா. கண்ணு முன்னாடி கெடந்தாத்தானே நமக்கு ஞாபகம் இருக்கும்? இருக்கட்டும்."

இந்த "இருக்கட்டும்" ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த கதை இது.

எங்கள் சரக்குகளில் ஒன்று கல்யாணப் பத்திரிகையை உறவுக்காரர்களின் போன்களுக்கு அனுப்புகிற புரோகிராம். பெண் யார், மாப்பிள்ளை யார், எந்த மண்டபம், எத்தனை மணி முகூர்த்தம், யார் யாருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் கல்யாணத்துக்கு ஒன்றாக ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் இருக்கும். அந்தக் கல்யாணத்துக்கென்று உள்ள ஃபோல்டரில் எத்தனை ஃபைல் கிடக்கிறதோ அத்தனைக்கும் பத்திரிகை போய்ச் சேரும். பழசா, புதுசா, நடக்கிறதா, நின்றுபோனதா என்று அது விசாரிக்காது. சொன்னதைச் செய்யும், பாவம்.

எங்கள் ஆபீசில் பிருந்தா என்றொரு பெண். நாங்கள் எழுதுவதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை, அதில் கெட்டிக்காரி. போன மாசியில் அவளுக்குக் கோகுல்நாத் என்பவரைப் பேசி முடித்தார்கள். பூ வைத்து, ஆவணியில் நாள் குறித்து, மண்டபமும் பிடித்தாயிற்று. பிறகு கோகுல்நாத் வீட்டார் வேலையை விடச் சொன்னார்கள். பிருந்தா கோகுல்நாத்தை விட்டுவிட்டாள். இரண்டு மாதத்தில் கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கும் வெங்கடேஷ்பாபு என்ற நல்ல பையன் அமைந்தார். ஆவணி முகூர்த்தத்துக்கு மதுரையில் மாப்பிள்ளை கிடைத்தாலும் மண்டபம் கிடைக்குமா? அதனால் அதே நாள், அதே மண்டபம், அதே சாப்பாட்டுக்காரர். மாறியது மாப்பிள்ளையும் அவரைப் பெற்றவர்களும் மட்டும்தான்.

பிருந்தாவுக்குத் தன் பரிசு என்று சொல்லி, சௌரிராஜன் தன் கையாலேயே பத்திரிகை ஃபைலைத் தயார் செய்தார். மாசியிலேயே கோகுல்நாத் பெயரில் ஒன்று செய்து வைத்திருந்தார். அதை நகல் எடுத்து, மூன்றே வரிகளை மாற்றி, புதிய ஃபைல். பழைய ஃபைலை என்ன செய்தார்? என்னையா கேட்கிறீர்கள்? பெயருக்குப் பின்னால் "பழசு" என்று சேர்த்து அதே ஃபோல்டரில் விட்டுவைத்தார்.

வியாழக்கிழமை காலை பத்தே காலுக்குப் பொத்தானை அமுக்கினார். அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு போன்களுக்குப் பிருந்தாவின் கல்யாணப் பத்திரிகை போய்ச் சேர்ந்தது. ஆளுக்கு இரண்டு.

முதலில் ஒரு பெரியப்பா கூப்பிட்டு எழுத்துப் பிழை என்றார். பெற்றோர் பெயர் உட்பட எல்லாமே பிழையா என்று அடுத்தவர் கேட்டார். கொட்டாம்பட்டியில் இருந்து பிருந்தாவோடு படித்த பாண்டிமீனா கூப்பிட்டு, முகூர்த்தம் ஒருத்தரோடும் ரிசப்ஷன் ஒருத்தரோடுமா என்று சந்தேகம் கேட்டாள். பிருந்தாவின் அம்மா ரங்கநாயகி கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போடச் சொல்லி, சௌராஷ்டிர மொழியில் பொழிந்து தள்ளினார். எனக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் ஒன்றுவிடாமல் புரிந்தது. சௌரிராஜனுக்கு அதுதான் தாய்மொழி. அவர் தலையைத் தூக்கவே இல்லை.

இதுவரைக்கும் சிரிப்புத்தான். இரண்டு பத்திரிகையும் யாரோ உறவுக்காரர் மூலம் கைக்குப் போய்ச் சேர்ந்து, அடுத்த போன் வெங்கடேஷ்பாபுவின் அம்மாவிடமிருந்து வந்தது. கோகுல்நாத் விஷயத்தைப் பிருந்தா மாப்பிள்ளையிடம் முதல் நாளே சொல்லியிருந்தாள். அம்மாவிடம் நான் சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்று அவர் பொறுப்பெடுத்துக்கொண்டார். அவர் இன்னும் சமயம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாள் கத்தவில்லை. நேரில் வருகிறேன், வந்து கேட்டுவிட்டு இந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று முடிவு சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பிருந்தா மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாள். எங்கள் அத்தனை பேர் தப்பையும் சலிக்காமல் கண்டுபிடிக்கிற பெண், தன் மேல் தப்பே இல்லாத ஒன்றுக்கு அழுததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சௌரிராஜனைப் பிடித்து நாலு கேள்வி கேட்டேன். கல்யாணம் நின்ற ஃபைலை எதற்கு வைத்திருந்தீர்கள் என்றதற்கு, அவர் பழக்கதோஷத்தில் "இருக்கட்டும்னுதான்" என்று ஆரம்பித்து, பாதியில் தானாகவே வாயை மூடிக்கொண்டார்.

முக்கால் மணி நேரத்தில் மாப்பிள்ளை தொழிற்சாலைச் சட்டையோடு அம்மாவை வண்டியில் உட்காரவைத்து வந்து சேர்ந்தார். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார். சௌரிராஜனின் திரையில் இரண்டு ஃபைல்களும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. இரண்டு மாப்பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெங்கடேஷ்பாபு, தங்கள் தொழிற்சாலையில் ஒரு பாகத்தின் வரைபடம் மாறினால் பழைய வரைபடத்தில் ரத்து முத்திரை குத்தி, வேலை நடக்கிற இடத்தை விட்டே எடுத்துவிடுவோம், இல்லாவிட்டால் யாராவது அதைப் பார்த்துப் பாகத்தைத் தப்பாகக் கடைந்துவிடுவார்கள், இங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது என்று விளக்கினார். அந்த அம்மாள் மகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சௌரிராஜனிடம் திரும்பினார்.

"பழசுன்னா அழிக்க வேண்டியதுதானே தம்பி? எங்கண்ணு முன்னாடி அழிங்க."

சௌரிராஜன் மவுஸைப் பிடித்தார். அம்புக்குறியை ஃபைல் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். வாழ்க்கையில் ஒரு ஃபைலை அழிக்கிற முதல் தடவை அல்லவா?

"அழிச்சிரலாம்மா. ஆனா ஒருவேளை…"

"ஒருவேளை?" என்றார் அந்த அம்மாள்.

பிருந்தா எழுந்து வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சௌரிராஜன் கையிலிருந்த மவுஸை வாங்கி, தானே அழித்தாள். "அழிச்சாலும் வெர்ஷன் கண்ட்ரோல் ஹிஸ்டரியில இருக்கும்ண்ணே. அங்கன இருந்துட்டுப் போகட்டும். பத்திரிகையில வேணாம்." பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, "நடந்தத நான் மறைக்கல அத்தை. இவருக்கு மொத நாளே தெரியும். உங்ககிட்டச் சொல்லாம விட்டது எங்க ரெண்டு பேரு தப்பு" என்றாள்.

அந்த அம்மாள் மகனைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். பிறகு அந்த அம்மாள் மகனிடம், "ஒங்கப்பாவுக்கு முன்னாடி எனக்கும் ஒரு எடம் பேசினாங்கடா. நல்லவேளை, அப்ப கம்ப்யூட்டர் இல்ல" என்று சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரை இப்போது கொடுங்கள் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்று மத்தியானமே அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மூன்றாவதாக ஒரு பத்திரிகை போனது. என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று வெர்ஷன் கண்ட்ரோலில் ஒரு வரி எழுத வேண்டும். பிருந்தா எழுதினாள்: "மாப்பிள்ளை ஒருவரே." கல்யாணம் அமோகமாக நடந்தது. சௌரிராஜன் முன்வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இவ்வளவு நேரம் சௌரிராஜனை நினைத்துச் சிரித்தீர்களே, உங்கள் போனைக் கொஞ்சம் எடுங்கள். நம்பர்களைத் தள்ளிக்கொண்டே வாருங்கள். 'கேஸ் சிலிண்டர்' என்று இரண்டு இருக்கிறதே, ஒன்றுக்குக் கூப்பிட்டால் சிலிண்டர் வரும். இன்னொன்றில் யார் ஒளிந்திருக்கிறார் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்; அதற்கு நீங்கள் கல்யாணமான நாளிலிருந்து கூப்பிட்டதே இல்லை. கூப்பிடவும் மாட்டீர்கள், எனக்குத் தெரியும். அழித்துவிடலாமா?

சரி, சரி. இருக்கட்டும்.