கிருமிகளுக்குப் பெரட்டுக் கூப்பிட்டவர்

கண்ணுக்கே தெரியாத ஆட்களை வைத்து வேலை வாங்கிய கங்காணி உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக் 'கிருமிக் கங்காணி'. லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த நான் சாட்சி.

ஓய்வுபெற்றதும் அதட்ட ஆளில்லாமல் மனிதர் தவித்துப் போனார். லயத்துக்குப் பின்னால் தக்காளி போட்டார். செடிகள் வாடின. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு, நூற்புழுவின் வேலை. அவர் மனைவி மாரியாயி அக்கா தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"அடுத்த தடவையும் செடி பட்டுச்சுன்னா, அந்த எடத்துல என் தம்பி ஆட்டோவ நிறுத்திக்கட்டும்!"

மச்சானின் ஆட்டோவிடம் தோற்பதா? கங்காணி பதுளைக்குப் போய்ப் புதுத் தக்காளி நாற்றும் ஒரு பொட்டலமுமாகத் திரும்பினார்.

"இதுக்குள்ள நல்ல பாக்டீரியா கோடிக்கணக்குல இருக்காம் தம்பி. வேர்ல குடியிருந்துக்கிட்டு புழுவ அண்டவிடாதாம். வெயில் ஆகாது, குளோரின் தண்ணி ஆகாது. நம்மள விட ரோசக்காரங்க!"

அன்றிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் பெரட்டு. பொடியை ஓடைத் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றுவார். பிறகு, அந்தக் காலத்தில் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுத்த அதே குரலில் முழங்குவார்.

"எல்லாரும் வந்தாச்சா? மேல் நெரை நூற்புழுவப் பாருங்க! கீழ் நெரை வண்டுப் புழுவப் பாருங்க! பேச்சு வேணாம்!"

சம்பள உயர்வு கேட்டுத் தோட்டமே வேலைநிறுத்தம் செய்த அன்று பெரட்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. கேட்டதற்கு என்மேல் பாய்ந்தார்.

"அவங்க மட்டும் வேலை செஞ்சா கருங்காலின்னு பேர் வராதா?"

செடிகள் இடுப்பளவு வளர்ந்தபோது அவருக்கு இருமல் வந்தது. டொக்டர் அன்டிபயோட்டிக் எழுதிக் கொடுத்தார். அது கிருமியைக் கொல்லும் என்று கேட்டதும் கங்காணி பாத்திப் பக்கமே போகவில்லை. "என் மூச்சுப் பட்டா நம்ம ஆளுங்க செத்துருவாங்க" என்று வேலிக்கு வெளியே பனியில் நின்று கத்தினார். இருமல் முற்றி, பதுளை ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிட்டார்கள்.

மறுநாளே மச்சான் ஆட்டோவை வேலியோரம் கொண்டுவந்து இடம் பார்த்தான். மாரியாயி அக்கா ஒரு செடியைப் பிடுங்கினார். ஒரு முடிச்சு இல்லை. வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆட்டோவத் திருப்புடா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

நானும் தொற்றிக்கொண்டேன். கட்டிலில் கிடந்த கங்காணி, அக்கா கொண்டுவந்து நீட்டிய வேரைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் முறைத்தார்.

"எல்லாரும் இங்க வந்துட்டா, அங்க பெரட்டு யாரு கூப்புடுறது?"

அன்று மாலை, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பாத்தி ஓரத்தில் நான்தான் நின்றேன்.

"எல்லாரும் வந்தாச்சா? கங்காணி சீக்கிரம் வந்துருவாரு..."

பிறகு ஓடைத் தண்ணீரை மேல் வரிசையிலிருந்து ஊற்றிக்கொண்டே போனேன்.