கள்ளிக்குப்பத்துத் தொட்டி மேஸ்திரி

கோயில் கட்டுகிறவர்கள் முதலில் அஸ்திவாரம் போடுவார்கள். அவசரக்காரர்கள் நாலு கம்பு நட்டுக் கூரை போடுவார்கள். சுவரும் இல்லாமல் கூரையும் இல்லாமல் வெட்டவெளியில் ஒரு தண்ணீர்த் தொட்டியை மட்டும் கட்டிவிட்டு, "கோயிலு முக்காவாசி முடிஞ்சிட்ச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு இரண்டு வருஷம் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தேன். ஊர் அவரைத் தொட்டி மேஸ்திரி என்றது. நானும் அப்படியே சொல்கிறேன்.

சண்டைக் காலம். பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று யாரோ சொல்ல, பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. நான் அப்போது அம்பத்தூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. இருபத்து நாலு வயசு, கல்யாணம் ஆகவில்லை, மாயவரம் பக்கத்து ஆள். அதுவரை ஒரு வண்டிக்கு ஏழெட்டுப் பேர் இறங்கினாலே எனக்குத் திருவிழா மாதிரி இருக்கும். திடீரென்று ஒவ்வொரு வண்டியிலும் ஆட்டுக்கல், தையல் மிஷின், கிளிக்கூண்டு சகிதம் குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள். மாட்டுக்கொட்டகைகள் எல்லாம் வாடகைக்குப் போயின. மாடுகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை.

மேஸ்திரி நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வாலிபத்தில் வந்து தங்கிவிட்ட கொத்தனார். ஒல்லி உடம்பு; குரல் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டானது. பாப்டிஸ்ட் சபைக்காரர். கள்ளிக்குப்பத்தில் என் அறைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு வீடும் கொஞ்சம் காலிமனையும் ஒரு வேப்பமரமும் இருந்தன. வந்து இறங்கியவர்களில் கிறிஸ்தவர்களும் நிறையப் பேர். பக்கத்தில் வேறு கோயில் இல்லாததால் ஞாயிறு காலையில் அந்த வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். அவரும் மனைவியுமாக இரண்டு பேர் இருந்த ஜெபக்கூட்டம் ஒரே மாதத்தில் நாற்பது பேராகிவிட்டது. மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சபையே தொடங்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

இடைஞ்சல் ஒன்றுதான். வந்தவர்கள் எல்லாம் குழந்தையில் நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் வாங்கியவர்கள். மேஸ்திரியின் சபையில் அது செல்லாது. விவரம் தெரிந்த வயசில், தலை மறையத் தண்ணீரில் முழுக வேண்டும்.

வந்தவர்களில் பெரிய மனுஷர் ஒருவர் இருந்தார், பென்ஷன் வாங்கிய ஹெட்கிளார்க். அவர் சொன்னார்: "மேஸ்திரி, நான் பொறந்த நாற்பதாம் நாளே ஞானஸ்நானம் எடுத்தவன்."

"இன்னா எடுத்தே? அது தெளிச்சது, நைனா. கோலம் போட வாசல் தெளிக்கிறானே, அது போல. வாசல் குளிச்சதுன்னு எவனாச்சும் சொல்லுவானா?"

ஹெட்கிளார்க் எழுந்து போய்விட்டார். அடுத்த ஞாயிறு வந்தார். வேறு எங்கே போவார்?

இங்கிலீஷில் எழுத ஆள் வேண்டுமென்று மேஸ்திரி என் கவுண்டருக்கு வந்தார். சைவக் குடும்பத்துப் பையன் நான். பட்டணத்து மிஷன் ஆபீசுக்கு "கர்த்தருக்குள் அன்பான ஐயா" என்று ஆரம்பித்து எழுதினேன். பதில் வந்தது. முழுக்கு எடுத்தவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் சபையாக ஏற்றுக்கொள்வோம், போதகரை நிரந்தரமாக அனுப்புவோம், கட்டடத்துக்கும் உதவுவோம். அதுவரை மாதம் ஒருமுறை போதகர் வந்து போவார்.

அன்று சாயங்காலமே மேஸ்திரி கடப்பாரையை எடுத்துத் தொட்டிக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்.

சிமெண்ட் கண்ணில் படாத நாள் அது. சுண்ணாம்பையும் செங்கல் பொடியையும் தானே அரைத்துப் பூசினார். ஒழுகியது. மறுபடி பூசினார். யாருடையதோ எருமை உள்ளே இறங்கிப் படுத்துக்கொண்டு இரண்டு நாள் எழுந்திருக்க மறுத்தது. அப்புறம் ஏ.ஆர்.பி. வார்டன் வந்தார். குண்டு விழுந்தால் ஜனங்கள் எங்கே ஒளிய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் உத்தியோகம் அவருக்கு. பள்ளத்தைப் பார்த்ததும் மேஸ்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஊர்ல ஒருத்தராவது பதுங்குகுழி வெட்டினீங்களே!" என்று மெச்சி, பக்கத்தில் 'பதுங்குகுழி' என்று ஒரு பலகையும் நட்டுவிட்டுப் போனார்.

மேஸ்திரி பலகையைப் பிடுங்கவில்லை. தொட்டியை நிரப்பி ஒழுக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் வார்டன் ஒத்திகைக்காக விசில் ஊத, ஜனங்கள் ஓடிவந்து குதித்தார்கள். ஆறு பேர் தலை மறைய முழுகி எழுந்தார்கள். அதில் ஹெட்கிளார்க்கும் ஒருவர்.

மேஸ்திரி மூச்சிரைக்க ஸ்டேஷனுக்கு ஓடிவந்தார். "எழுது பாபு. ஆறு பேரு முழுகிட்டாங்கோ."

"மேஸ்திரி, அவங்க பயந்துபோய்க் குதிச்சவங்க."

"பயப்படாம எவன் முழுகறான்? நரகத்துக்குப் பயந்தா இன்னா, ஜப்பான்காரனுக்குப் பயந்தா இன்னா? தண்ணி ஒண்ணுதானே?"

எழுத மாட்டேன் என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆனால் அவருடைய பிடிவாதம் பலித்தது. மாதாமாதம் போதகர் வந்தபோது ஒருவர், இருவர் என்று மனசார முழுக்கு எடுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் ஹெட்கிளார்க்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். "வாசலைக் கழுவிடுங்க" என்று மேஸ்திரியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் முழுகினார். மேஸ்திரியோடு சேர்த்துப் பதினோரு பேர் ஆயிற்று.

இத்தனைக்கும் நடுவில் மேஸ்திரி அந்தத் தொட்டியைத் திருத்திக்கொண்டே இருந்தார். தரையை உயர்த்தி ஆழத்தைக் குறைத்தார். படியை அகலமாக்கினார். ஓரமாக, கைக்கு எட்டும் உயரத்தில், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை பதித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "மேஸ்திரி, கூப்பிடு தூரத்துல கொரட்டூர் ஏரி கிடக்கு. கடல் மாதிரி தண்ணி. அதை விட்டுட்டு இந்தப் பாடு எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

கரண்டியைக் கீழே வைத்தார். இரண்டு ஆள் குரல் அன்று அரை ஆள் குரலாக வந்தது.

"ஏரிலதான் எங்க புள்ள சாமு போய்ட்டான், பாபு. ஏழு வயசு. நான் சாரத்து மேல நின்னுகினு இருந்தேன். அவ கரையில துணி தோய்ச்சுகினு இருந்தா. திரும்பிப் பாக்கறதுக்குள்ள... அதுலேர்ந்து அவ கிணத்தாண்ட கூடப் போமாட்டா. தண்ணி நான்தான் சேந்தி வைப்பேன். சொம்புல மொண்டு ஊத்திக்குவா. தலைக்கு ஊத்திக்கறப்ப கண்ண மூட மாட்டா. ஊரையே முழுக்கு முழுக்குன்னு கத்தறேன். ஊட்ல இருக்கறவகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல."

அவள் ரூத்தம்மா, மேஸ்திரியின் மனைவி. அவரோடு சித்தாளாகக் கல் சுமந்த கை. முழுக்கு எடுக்காதவள். அவள் உயரத்தை மனசில் வைத்துத்தான் அந்தத் தொட்டி கட்டப்பட்டது. ஊர் சிரித்த ஒவ்வொரு திருத்தமும் அவளுக்காகத்தான்.

சில வாரம் கழித்து அவளாகவே, சோறு போட்டுக்கொண்டே, "அடுத்த தபா ஐயா வரச்சே நானும் எறங்கறேன்" என்று சொல்லிவிட்டாளாம். மேஸ்திரி கை கழுவாமலே என்னிடம் ஓடிவந்தார். மிஷனுக்கு எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது.

அந்த நேரம் பார்த்துப் பட்டணத்தில் பயம் தெளிந்தது. குண்டும் விழவில்லை, ஒன்றும் விழவில்லை. வந்த ஜனங்கள் திரும்பக் கிளம்பினார்கள். அதே ஆட்டுக்கல், அதே கிளிக்கூண்டு. டிக்கெட் கொடுப்பவன் நான். ஒவ்வொரு தடவை தேதி குத்தும்போதும் மேஸ்திரியின் சபையில் ஒரு குடும்பத்தை நானே பிடுங்கி எடுப்பது மாதிரி இருந்தது. மேஸ்திரி தினமும் ஜன்னலில் வந்து நிற்பார்.

"இன்னிக்கி யாரு பாபு?"

"தையல்காரர் குடும்பம்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் டிக்கெட் இல்லன்னு சொல்லேன்."

"அது எப்படிச் சொல்றது, மேஸ்திரி?"

"ஆமா. அது தப்பு" என்று அவரே சொல்லிக்கொண்டு போவார். மறுநாள் மறுபடி வருவார்.

ஹெட்கிளார்க் மட்டும் வீட்டுச் சாமானை அனுப்பிவிட்டு, ரூத்தம்மாவுக்காக ஒரு வாரம் வெறும் பாயில் படுத்தார். போனவர்களிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். அந்த ஞாயிறு காலை வண்டியில் எல்லோரும் பட்டணத்திலிருந்து வந்து இறங்கினார்கள். ஒருத்தர் குறையவில்லை.

பாட்டுப் பாடினார்கள். போதகர் தொட்டிக்குள் நின்றார். ரூத்தம்மா வெள்ளைப் புடவையில் வந்தாள். முதல் படி. இரண்டாம் படி. கட்டையைப் பிடித்த கை வெளுத்தது. மேஸ்திரி வெளியே அவள் பக்கத்திலேயே குனிந்து நின்றார்.

"ஆழமா?" என்றாள்.

"இல்ல தாயி. நான் கட்டனது. தரை கீது."

இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. போதகர் நல்ல மனிதர். மெதுவாகத்தான் அவள் பிடரியில் கை வைத்தார். அவள் தண்ணீரைப் பார்த்தபடியே நின்றாள். உடம்பு ஆட ஆரம்பித்தது. பாட்டு நின்றுபோயிற்று. "அவன் கண்ணத் தொறந்துகினே இருந்தான்" என்றாள். போதகர் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு அவளைச் சாய்க்கப் போனார்.

"உட்டுடுங்க ஐயா!" என்றார் மேஸ்திரி.

"ஒரு நிமிஷம்தான். விசுவாசத்தோட..."

"வேணாம். போதும். உட்டுடுங்க."

செருப்போடு தொட்டிக்குள் இறங்கி, அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் உட்கார வைத்துத் தன் துண்டால் காலைத் துடைத்தார். போதகர் நனைந்த உடையோடு வந்து வருத்தமாகச் சொன்னார்: "மேஸ்திரி, தலை முழுகாம நான் கணக்குல சேர்க்க முடியாதே. உங்களுக்கே தெரியும்."

"தெரியும், ஐயா. சேக்காதீங்க. பதினொண்ணுன்னே எழுதிக்கோங்க."

ஹெட்கிளார்க் தன் பாயைச் சுருட்டிக்கொண்டார். அடுத்த வண்டிக்குப் பத்துப் பேரும் பட்டணம் போனார்கள். டிக்கெட் நான்தான் கொடுத்தேன்.

அதற்கப்புறம் வேப்பமரத்தடியில் ஞாயிறுதோறும் இரண்டே பேர். மேஸ்திரி யாரையும் முழுக்குக்குக் கூப்பிடவில்லை. தெளித்தவனையும் திட்டவில்லை. வழக்கம்போல வேதம் வாசிப்பார். எதிரே அவள் ஒருத்திதான் என்பதால் குரலை உயர்த்த வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. எனக்கு அந்தச் சத்தம் இல்லாமல் ஞாயிறு விடிந்த மாதிரியே இருக்காது.

அடுத்த மழைக்காலத்தில் ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்குக் கொட்டகை கட்டும் வேலைக்குப் போனார். நனைந்த சாரம் வழுக்கிவிட்டது. கட்டை வண்டியில் கொண்டுவந்தார்கள். நான் ஸ்டேஷனைப் போர்ட்டரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். ரூத்தம்மா அழவில்லை. அவர் முகத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை விரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் செய்ய இடம் வேண்டும். பூந்தமல்லி ரோட்டுப் பக்கம் இருந்த கிறிஸ்தவக் கல்லறைக்கு ஆள் அனுப்பினோம். எந்தச் சபை, யார் சாட்சி, கடிதம் இருந்தால் குழி தோண்டலாம் என்றான் காவல்காரன். பதிவேட்டில் இல்லாத சபைக்கு யார் கடிதம் கொடுப்பது? மிஷனுக்கு எழுதிப் பதில் வரும்வரை உடல் தாங்காது. ரூத்தம்மா என்னைப் பார்த்தாள்.

ரயில்வே காகிதத்தை எடுத்து எழுதினேன். "இந்தக் கடிதம் கொண்டுவருபவரின் கணவர் கள்ளிக்குப்பம் பாப்டிஸ்ட் சபையை நிறுவியவர். எங்கள் சபையின் மூத்த உறுப்பினர். நல்ல சாட்சியுள்ளவர்." கீழே காரியதரிசி என்று போட்டுக் கையெழுத்தை வைத்தேன். என் நெற்றியில் திருநீறு கலையாமல்தான் இருந்தது.

"இன்னா எழுதினே பாபு?" என்றாள். தமிழில் படித்துக் காட்டினேன்.

"எங்கள் சபைன்னா?"

"நீங்களும் நானும்தாம்மா."

காகிதத்தை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "அப்ப ஞாயித்துக்கெழம வந்துடு" என்றாள்.

கடிதத்தைப் பார்த்துக் காவல்காரன் குழி தோண்ட விட்டான். ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். மாற்றல் உத்தரவு வரும்வரை ஒரு ஞாயிறும் தவறவில்லை.