கிளறல் தடைச் சட்டம்

கூண்டூர் என்றொரு ராஜ்யம். நான்கு புறமும் கம்பி வலை, மேலே தகரக் கூரை. ஆள்பவர்கள் மேல்கம்பில் அமர்ந்திருப்பார்கள். குடிமக்கள் தரையில் கிடப்பார்கள். மேலிருந்து எது விழுந்தாலும் அதற்கு நலத்திட்டம் என்று பெயர்.

அந்த ஐப்பசி மழையில் தரை ஊறிப்போனது. மூலையில் ஒன்பது முட்டைகளை அடைகாத்திருந்த சாம்பிக் கோழி இறகை விரித்து அவற்றை இன்னும் இறுக மூடிக்கொண்டாள். ஈரம் ஏறினால் அத்தனையும் கூமுட்டை.

தரைக்கு எதை விரிப்பது என்று முடிவெடுக்க, தரையில் கால் வைத்தே இராத ஐவர் குழுவை மன்னர் செங்கொண்டைச் சேவலார் அமைத்தார். குழு முதலில் பிளாஸ்டிக் தாள் விரித்தது. பளபளவென்றுதான் இருந்தது, தண்ணீர் வடியாமல் குளமாகும்வரை. அடுத்து வைக்கோல் வந்தது. நனைந்து பூசணம் பிடித்து ஊரே இருமியது. கடைசியில் எப்படியோ உமிக்கு வந்து சேர்ந்தார்கள். சாம்பிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

உடனே வாத்து அமைச்சர் தொண்டையைச் செருமினார். "மன்னர் மேலிருந்து நோக்குகையில் விரிப்பு சமமாகத் தெரிதல் வேண்டும். ஆகவே, இன்று முதல் எவரும் உமியைக் கிளறலாகாது."

கிளறாத உமி எச்சத்தோடு சேர்ந்து அடை அடையாக இறுகியது. நெடியில் கண் கரித்தது.

"கிளறுனாத்தான் உமி காயும், மகராசா! என் முட்டை ஒம்போதும் வீணாப் போயிரும்," என்று கதறினாள் சாம்பி.

"ஈரம் உடலுக்கு நல்லதாயிற்றே," என்றார் வாத்து அமைச்சர்.

"கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா? அரசும் தாய் போலத்தான்," என்றார் மன்னர்.

"நீங்க எத்தனை நாளு அடைகாத்தீங்க, மகராசா?"

மன்னர் இறகைக் கோதத் தொடங்கினார். அமைச்சர்தான் சமாளித்தார். "சிறையில் தள்ளிவிடுவேன்!"

"இப்பவும் கம்பிக்குள்ளதான இருக்கோம்?"

சாம்பி எழுந்தாள். முட்டை குளிர்ந்துவிடுமே என்று தயங்கியபோது பக்கத்திலிருந்த வெள்ளச்சி நகர்ந்து வந்தாள். "நீ போயிக் கிளறுக்கா. அதுவரைக்கும் நான் உக்காந்துக்கறேன்."

சாம்பி ஒரு கால், மறுகால் என்று கிளறித் தள்ளினாள். பார்த்துக்கொண்டிருந்த கோழிகளுக்குக் கால் சும்மா இருக்கவில்லை. மூன்றே நாளில் உமி பொலபொலவென்று காய்ந்துவிட்டது.

"இன்று முதல் கிளறல் கட்டாயம். திட்டத்துக்கு மன்னர் பெயரே சூட்டப்படுகிறது!" என்று அறிவித்தார் அமைச்சர். உமி பறக்கும் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

ஒன்பதில் ஏழு பொரிந்தன. மூத்த குஞ்சு தள்ளாடி எழுந்து, முதல் வேலையாகத் தரையைக் கிளறியது. சாம்பி நெஞ்சு நிறையப் பார்த்தாள். பிறகு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, மேல்கம்பை நிமிர்ந்து அளந்தாள். அப்படியொன்றும் உயரமாகத் தெரியவில்லை.